கேத்தி ரயில் நிலையம் முதல் முதுமலை வரை: சின்ன வயசு ஞாபகத்தைக் கிளறும் 'மாற்று போஸ்டர்'... உருவாவது எப்படி?

மழையில் நனைந்த ஒரு மலை ரயில் பிளாட்பாரம். ஆள் நடமாட்டம் இல்லை. தரையில் ஒரு குடம், பக்கத்தில் ஒரு கைத்தடி. தூரத்தில் பனிமூட்டத்துக்குள் மறைந்து போகும் ரயிலின் கடைசிப் பெட்டி. அவ்வளவுதான் படம். கமல்ஹாசன் முகம் இல்லை, ஸ்ரீதேவி முகம் இல்லை, இயக்குநர் பெயர்கூட இல்லை.

ஆனாலும் 'மூன்றாம் பிறை' பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியைச் சொன்னதுமே தொண்டை அடைக்கும். பார்க்காதவர்களுக்கு, "இதுல என்ன இருக்கு?" என்று தோன்றும். ஒரே படம், இரண்டு விதமான பார்வை. இந்த வித்தியாசத்தை நம்பித்தான் 'மாற்று போஸ்டர்' என்ற ஒரு கலையே இயங்குகிறது.

சமூக வலைதளங்களில் பழைய தமிழ்ப் படங்களுக்குப் புதிதாக வரையப்பட்ட போஸ்டர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் ஊர் டூரிங் டாக்கீஸ், ஞாயிற்றுக்கிழமை டிவி, அப்பாவின் சைக்கிள் கேரியர் என ஏதேதோ நினைவுக்கு வந்திருக்கும். அது தற்செயல் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது என்ன கணக்கு, யார் தொடங்கியது, எப்படிச் செய்வது, எங்கே சிக்கல் வரும்? விரிவாகப் பார்க்கலாம்.

மாற்று போஸ்டர் என்றால் என்ன?

ஒரு படம் வெளியாகும்போது தயாரிப்பு நிறுவனம் கொடுக்கும் போஸ்டருக்கு ஒரே வேலைதான். படம் பார்க்காதவரைத் தியேட்டருக்குள் இழுக்க வேண்டும். அதனால் ஹீரோ முகம் பெரிதாக இருக்கும், தேதி இருக்கும், இசை யார், தயாரிப்பு யார் என்ற பட்டியல் இருக்கும்.

மாற்று போஸ்டர் இதற்கு நேர் எதிர். இது பெரும்பாலும் படம் வெளியான பிறகு, சில நேரம் 30, 40 ஆண்டுகள் கழித்து, ஒரு ரசிகரோ ஓவியரோ தன் பார்வையில் வரைவது. டிக்கெட் விற்க வேண்டிய கட்டாயம் இதற்கு இல்லை. படத்தை ஏற்கெனவே பார்த்தவரோடு பேசுவதுதான் இதன் நோக்கம். "உனக்கும் அந்த இடம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்கிற ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளலாம்.

அதனால்தான் இதில் ஹீரோ முகம் தேவைப்படுவதில்லை. ஒரு பொருள், ஒரு நிறம், ஒரு வெற்றிடம் போதும். மீதியைப் பார்ப்பவரின் மனசு நிரப்பிக்கொள்ளும்.

இது எங்கே தொடங்கியது?

இதற்கு ஒரே ஒரு பிறந்த ஊர் கிடையாது. ஆனால் நான்கு இடங்களை முக்கியமாகச் சொல்லலாம்.

முதலில் போலந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே சினிமா விநியோகம் அரசின் கையில் இருந்தது. நட்சத்திர முகத்தைக் காட்டிக் கூட்டம் சேர்க்க வேண்டிய நெருக்கடி இல்லை. ஹென்ரிக் தொமஷெவ்ஸ்கி போன்ற ஓவியர்கள் படத்தின் சாரத்தைத் தங்கள் கற்பனையில் வரைந்தார்கள். ஹாலிவுட் படமே என்றாலும் போலந்தில் அதற்கு வேறு போஸ்டர்தான். 'போலந்து போஸ்டர் பாணி' என்று இன்றும் வடிவமைப்புக் கல்லூரிகளில் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இரண்டாவது, அமெரிக்காவின் சால் பாஸ். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958), ஓட்டோ பிரெமிஞ்சரின் 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' (1959) படங்களுக்கு அவர் செய்த போஸ்டர்களில் வெட்டி ஒட்டிய காகிதம் போன்ற எளிய வடிவங்கள்தான் இருக்கும். இவை அதிகாரப்பூர்வமான போஸ்டர்கள்தான். ஆனாலும் 'ஒரு படம், ஒரு குறியீடு' என்ற எண்ணத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் அவர்.

மூன்றாவது, நம்ம நாட்டின் சத்யஜித் ரே. சினிமாவுக்கு வருவதற்கு முன் அவர் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த ஓவியர். 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தபோதுதான் அந்தக் கதையைப் படமாக்கும் ஆசை அவருக்கு வந்தது. 1955-ல் படம் வெளியானது. குழந்தைப் பருவம் பற்றிய உலகின் முக்கியமான படங்களில் ஒன்று, குழந்தைகளுக்கான புத்தக ஓவியத்திலிருந்து பிறந்திருக்கிறது. பிறகு தன் படங்களுக்கான போஸ்டர்களையும் எழுத்துகளையும் ரேவே வடிவமைத்தார்.

நான்காவது, 'மோண்டோ'. அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணம் ஆஸ்டின் நகரில், ஒரு தியேட்டரை ஒட்டி டி-ஷர்ட் கடையாகத் தொடங்கிய நிறுவனம் இது. பழைய படங்களுக்கு ஓவியர்களை வைத்துப் புதிய போஸ்டர் வரைந்து, ஸ்கிரீன் பிரிண்ட் முறையில் குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டு விற்றது. 2010-ல் ஓலி மாஸ் என்ற பிரிட்டிஷ் ஓவியர் 'ஸ்டார் வார்ஸ்' முதல் மூன்று படங்களுக்குச் செய்த போஸ்டர்கள் இணையத்தில் பெரிய அலையைக் கிளப்பின. மாற்று போஸ்டர் என்பது உலகம் முழுக்க இளம் டிசைனர்களின் பழக்கமானது இந்தக் காலகட்டத்தில்தான்.

தமிழ்நாட்டில் போஸ்டரே ஒரு ஞாபகம்தான்

வெளிநாட்டுக் கதை இருக்கட்டும். போஸ்டரோடு வளர்ந்த ஊர் என்றால் அது தமிழ்நாடுதான்.

1957-ல் 'வணங்காமுடி' படத்துக்குச் சென்னை சித்ரா தியேட்டரில் மோகன் ஆர்ட்ஸ் வைத்த சிவாஜி கணேசனின் பிரமாண்ட கட்-அவுட் அந்தக் காலத்துப் பேச்சு. 1978-ல் 'பைரவி' படத்துக்காகச் சென்னை பிளாசா தியேட்டரில் எஸ்.தாணு வைத்த 35 அடி ரஜினிகாந்த் கட்-அவுட்டும் அப்படித்தான். இவையெல்லாம் கையால் கட்டம் போட்டு, கையால் வரைந்த ஓவியங்கள். முகத்தில் ரோஸ், நீலம், பச்சை என நிஜத்தில் இல்லாத நிறங்கள் தெரியும். கிட்டப் போனால் வெறும் தூரிகைத் தீற்றல், தூரத்தில் நின்று பார்த்தால் எம்.ஜி.ஆர்!

சுவரொட்டிகள் சிவகாசியிலும் சென்னையிலும் அச்சாகி ஊர் ஊராகப் போயின. மைதா பசை வாளியோடு சைக்கிளில் வரும் போஸ்டர் ஒட்டுபவர், பசை காயும் முன்பே போஸ்டரைக் கிழித்துத் தின்னும் மாடு, வெள்ளிக்கிழமை ஸ்கூல் போகும் வழியில் 'இந்த வாரம் என்ன படம்' என்று சுவரைப் பார்க்கும் பிள்ளைகள்... 80-கள், 90-களில் வளர்ந்த பலருக்கும் இது பொதுவான ஞாபகம்.

2000-களில் பிளெக்ஸ் பேனர் வந்தது. ஒரே இரவில் அச்சடித்துக் கட்டிவிடலாம், செலவும் குறைவு. கையால் வரைந்தவர்களின் வேலை சில ஆண்டுகளிலேயே காணாமல் போனது. பலர் வேறு தொழிலுக்குப் போனார்கள். மழை வெயிலில் கிழிந்துபோகும் பொருள் என்பதால் அவர்கள் வரைந்த பேனர்களையும் யாரும் பத்திரப்படுத்தவில்லை.

இன்றைய மாற்று போஸ்டர்களில் அந்தத் தூரிகைத் தீற்றல், அச்சு நகர்ந்த நிறம், மடிப்புக் கோடு எல்லாம் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணம். படத்தை மட்டும் இல்லை, அந்தப் போஸ்டரையும் சேர்த்தே ஞாபகப்படுத்துகிறார்கள்.

நாஸ்டால்ஜியா ஏன் வேலை செய்கிறது?

'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை 1688-ல் உருவாக்கியவர் யோஹன்னஸ் ஹோஃபர். சுவிட்சர்லாந்தில் அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். ஊரை விட்டு வெளியே போனவர்களுக்கு வரும் ஏக்கத்தை ஒரு நோயாகவே அவர் எழுதினார். இன்று அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை.

நினைவாற்றல் ஆய்வாளர்கள் சொல்லும் இன்னொரு விஷயம் உண்டு. நடுத்தர வயது தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், சுமார் 10 வயது முதல் 30 வயது வரையிலான சம்பவங்கள்தான் அதிகமாக வரும். அந்த வயதில் பார்த்த படம், கேட்ட பாட்டு, போட்ட சட்டை எல்லாம் அழுத்தமாகப் பதிந்திருக்கும்.

ஆனால் ஞாபகம் முழுப் படமாகப் பதிவதில்லை, துண்டு துண்டாகத்தான் இருக்கும். ஒரு வாசனை, ஒரு சத்தம், ஒரு பொருள். அதனால்தான் எல்லாவற்றையும் காட்டும் போஸ்டரைவிட ஒரே ஒரு சரியான பொருளைக் காட்டும் போஸ்டர் ஆழமாக இறங்குகிறது.

குழந்தைப் பருவம் பற்றிய தமிழ்ப் படங்களை எடுத்துப் பாருங்கள். 'பசங்க' (2009) என்றதும் கையை ஹேண்டில்பார் மாதிரி வைத்துக்கொண்டு இல்லாத பைக்கில் ஓடும் பையன் நினைவுக்கு வருவான். 'காக்கா முட்டை' (2015) என்றால் ஒரு பக்கம் முட்டை, இன்னொரு பக்கம் பீட்சா. '96' (2018) என்றால் பள்ளிச் சீருடை. இந்த ஒற்றைப் பொருள்தான் மாற்று போஸ்டரின் விதை.

'மூன்றாம் பிறை': ஞாபகத்தைப் பற்றியே ஒரு படம்

நீலகிரிக்கு வருவோம். இங்கே ஷூட்டிங் நடந்த படங்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் ஞாபகம், குழந்தைத்தனம் இரண்டையும் மையமாக வைத்த படம் பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை'தான்.

1982 பிப்ரவரியில் வெளியானது. விபத்தில் பழைய நினைவுகளை இழந்து, மனதளவில் குழந்தையாகிவிட்ட பெண்ணாக ஸ்ரீதேவி. அவரைப் பாலியல் தொழில் விடுதியிலிருந்து மீட்டு, கேத்தியில் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பள்ளி ஆசிரியர் சீனுவாகக் கமல்ஹாசன். சிறந்த நடிகர், சிறந்த ஒளிப்பதிவு என இரண்டு தேசிய விருதுகள் கிடைத்தன. ஒளிப்பதிவும் பாலு மகேந்திராவே.

முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவளுக்குப் பழைய ஞாபகம் திரும்புகிறது, ஆனால் சீனுவோடு இருந்த நாட்கள் மொத்தமாக அழிந்துபோகின்றன. ரயில் கிளம்பும்போது, தாங்கள் விளையாடிய குரங்கு விளையாட்டை ஆடிக்காட்டி ஞாபகப்படுத்தப் பார்க்கிறான் சீனு. அவள் கண்ணுக்கு அவன் யாரோ ஒரு பைத்தியக்காரன்.

இந்தப் படத்துக்கு மாற்று போஸ்டர் செய்ய உட்காருபவர் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது. யாருடைய ஞாபகத்தை வரைவது?

அவளுடையதை வரைந்தால் அது வெற்றுத் தாள்தான். அவனுடையதை வரைந்தால் நாய்க்குட்டி சுப்பிரமணி, குடம், கைத்தடி, மழை, மலை ரயில் எல்லாம் வரும். பார்ப்பவர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். சீனுவைப் போல எல்லாம் தெரிந்தவர், ஆனால் அவளிடம் எதையும் சொல்ல முடியாதவர்.

மேலே சொன்ன ஆளில்லாத பிளாட்பாரம் வேலை செய்வது இதனால்தான். பொருட்கள் அவன் பக்கம், வெற்றிடம் அவள் பக்கம். நிறத்திலும் இதைச் செய்யலாம். ரயிலின் நீலத்தையும் கிரீமையும் மட்டும் வைத்துக்கொண்டு, மேலே போகப் போகப் பனிமூட்டத்தின் சாம்பலில் கரைத்துவிட்டால், ஞாபகம் அழிவதை ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லிவிடலாம்.

இடமும் நிஜமானது. கேத்தி, குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கும் சின்ன ரயில் நிலையம். நீலகிரி மலை ரயில் 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்தது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இந்தப் பாதையில் பள்ளிக்கூடச் சுற்றுலா போகாத தமிழ்நாட்டுப் பிள்ளைகள் குறைவு. அதனால் போஸ்டரில் ரயில் வரும்போது, படத்தின் ஞாபகத்தோடு சொந்த ஞாபகமும் சேர்ந்துகொள்கிறது.

இன்னொரு தகவல். சினிமாவின் மூலப்பொருளான ஃபிலிமே ஊட்டியில் தயாரானது. 1960-ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது. டிஜிட்டல் வந்ததும் ஃபிலிமும் போய்விட்டது, தொழிற்சாலையும் மூடப்பட்டது. ஃபிலிம் சுருளின் ஓரத் துளைகளைப் போஸ்டரில் அலங்காரமாக வைப்பவர்கள், ஊட்டிப் படம் என்றால் அது வெறும் அலங்காரம் இல்லை என்பதையும் யோசிக்கலாம்.

ஸ்ரீமதுரையில் இருந்து பார்த்தால் நீலகிரி வேற மாதிரி

இங்கேதான் ஒரு முக்கியமான சிக்கல் வருகிறது.

நீலகிரி என்றதும் போஸ்டரில் என்ன வரையத் தோன்றும்? பச்சைக் கம்பளம் விரித்தது போல் தேயிலைத் தோட்டம், பனிமூட்டம், பொம்மை ரயில், யூகலிப்டஸ் மரம். அழகுதான். ஆனால் இது இரண்டு நாள் சுற்றுலா வந்து போனவரின் ஞாபகம்.

கூடலூரை ஒட்டியிருக்கும் ஸ்ரீமதுரையில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு நீலகிரி என்றால் வேறு. ஊட்டிக் குளிர் இங்கே இல்லை. ஒரு பக்கம் வயல், காபி, மிளகு, தேயிலை. இன்னொரு பக்கம் முதுமலைக் காடு. தமிழும் மலையாளமும் கலந்து காதில் விழும் ஊர். ஜூன், ஜூலை வந்தால் தென்மேற்குப் பருவமழை கொட்டும். காலையில் டிவியில் 'கூடலூர், பந்தலூர் தாலுகா பள்ளிகளுக்கு இன்று விடுமுறை' என்று ஓடும் வரிக்காகக் காத்திருப்பதே ஒரு சின்ன வயசு சந்தோஷம்.

யானையும் அப்படித்தான். வெளியூர்க்காரருக்கு அது அழகான போட்டோ. இந்தப் பகுதிக்காரருக்கு அதில் அன்பும் உண்டு, பயமும் உண்டு. இரவில் டார்ச் லைட் எடுக்காமல் வாசலுக்குப் போகாதே என்று பெரியவர்கள் சொன்னதும் சேர்ந்ததுதான் அந்த ஞாபகம்.

இதே முதுமலையில் எடுக்கப்பட்டதுதான் 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்'. நீலகிரியில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கிய இந்த ஆவணப்படம், தெப்பக்காடு முகாமில் ரகு, அம்மு என்ற இரண்டு குட்டி யானைகளை வளர்த்த பொம்மன் - பெள்ளி தம்பதியின் கதை. 2022 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. 2023 மார்ச்சில் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கரை வென்றது.

இந்தப் படத்துக்கு மாற்று போஸ்டர் செய்ய நினைப்பவர்களுக்குச் சுலபமான வழி, யானையும் மனிதரும் நெற்றியோடு நெற்றி வைத்து நிற்பது. எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் படத்தின் வலி வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளையாக வளர்த்த ரகுவை வேறு பராமரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டி வருகிறது. வீட்டில் ஒரு பிள்ளை குறைகிறது. வெளியே ஒரு பெரிய காடு, உள்ளே யாரும் படுக்காத ஒரு பெரிய பாய் என்று வரைந்தால் போதும். யானையைக் காட்டாமலே யானையைச் சொல்லிவிடலாம்.

தேயிலைத் தோட்டத்துக்கும் இது பொருந்தும். 1964-ல் இந்தியா - இலங்கை இடையே கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள் பலர் நீலகிரியில், குறிப்பாகக் கூடலூர், கோத்தகிரி பகுதிகளில் குடியமர்த்தப்பட்டனர். அரசுத் தேயிலைத் தோட்டமான 'டேன்டீ'யில் வேலை கொடுக்கப்பட்டது. அந்த லயன் வீடுகளில் வளர்ந்த பிள்ளைக்குப் பனிமூட்டம் என்றால் விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்பும் அம்மா. அவர் தலையில் பிளாஸ்டிக் தாள், முதுகில் கூடை.

நாஸ்டால்ஜியா போஸ்டர் பொய் சொல்லத் தொடங்குவது, இந்த இரண்டாவது ஞாபகத்தை அழித்துவிட்டு முதலாவதை மட்டும் வரையும்போதுதான். பழசு எல்லாம் அழகாகத்தான் இருந்தது என்று சொல்வதற்கும், அழகும் கஷ்டமும் சேர்ந்துதான் இருந்தது என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

சரி, எப்படிச் செய்வது? 7 படிகள்

1. படத்தை மறுபடியும் பாருங்கள். ஞாபகத்தில் இருப்பதும் படத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்காது. பார்க்கும்போது முகங்களை விட்டுவிட்டு, பொருட்களை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 20 பொருளாவது தேறும்.

2. சொந்த ஞாபகத்தைத் தனியாக எழுதுங்கள். இந்தப் படத்தை எங்கே, யாரோடு, எந்த வயதில் பார்த்தீர்கள்? கரண்ட் போனதா? பக்கத்து வீட்டு டிவியா? இரண்டு பட்டியலிலும் பொதுவாக வரும் ஒரு பொருள் கிடைத்தால், அதுதான் உங்கள் போஸ்டர்.

3. சின்னச் சின்ன ஸ்கெட்ச் போடுங்கள். தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் பத்துப் பன்னிரண்டு கிறுக்கல்கள். முதல் மூன்றும் எல்லோருக்கும் தோன்றுவதாகத்தான் இருக்கும். அதைத் தாண்டிப் போகணும்.

4. நிறத்தைக் குறையுங்கள். மூன்று அல்லது நான்கு நிறம் போதும். பழைய அச்சு போஸ்டரின் உணர்வு வேண்டுமென்றால், ஒரு நிறத்தை மட்டும் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி வைத்தால் போதும். காகிதக் கசங்கல், மஞ்சள் கறை, கீறல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் ஞாபகம் வராது, ஃபில்டர்தான் தெரியும்.

5. வெற்று இடம் விடுங்கள். பார்ப்பவரின் ஞாபகம் உட்கார ஓர் இடம் வேண்டும். தாளில் பாதியாவது காலியாக இருக்கலாம்.

6. மொபைலில் சோதியுங்கள். பெரும்பாலானோர் பார்க்கப்போவது கைபேசித் திரையில்தான். கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் அந்தப் பொருள் தெரிந்தால் சரி.

7. அச்சுக்குத் தனிக் கோப்பு. ஏ3 அளவில் 300 டிபிஐ என்றால் 3508 x 4961 பிக்சல் வேண்டும். திரைக்கு ஆர்ஜிபி, அச்சுக்கு சிஎம்ஒய்கே. திரையில் மின்னும் நீலமும் பச்சையும் காகிதத்தில் மங்கும், அதனால் ஒரு மாதிரிப் பிரதி எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. வரைவதற்கு 'கிருத்தா', வடிவங்களுக்கு 'இங்க்ஸ்கேப்' இரண்டுமே இலவசம். ஒரு வெள்ளைத் தாளும் போஸ்டர் கலரும் இருந்தாலே தொடங்கிவிடலாம்.

எழுத்தில்தான் பாதி ஞாபகம்!

பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். படத்தை அருமையாக வரைந்துவிட்டு, தலைப்பை ஏதோ ஒரு கணினி எழுத்துருவில் போட்டுவிடுவார்கள்.

பழைய தமிழ் போஸ்டர்களில் தலைப்பு எழுத்து கையால் எழுதப்பட்டது. பேய்ப் படம் என்றால் எழுத்திலிருந்து ரத்தம் சொட்டும், பனி படர்ந்த காதல் கதை என்றால் எழுத்தின் தலையில் பனி உட்கார்ந்திருக்கும். எழுத்தே கதை சொல்லிவிடும்.

கூடவே ஒரு வரலாற்றுத் தகவல். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. அதற்கு முன் 'லை', 'னை', 'ணை', 'ளை' போன்ற எழுத்துகள் மேலே யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. 'றா', 'ணா', 'னா' எழுத்துகளும் வேறு வடிவத்தில் இருந்தன. 1978-க்கு முந்தைய படத்துக்குப் போஸ்டர் செய்தால், அந்தப் பழைய வடிவத்தில் தலைப்பை எழுதிப் பாருங்கள். தாத்தா பாட்டிக்கு உடனே பிடித்துவிடும். இன்றைய பெரும்பாலான எழுத்துருக்களில் இந்த வடிவங்கள் வராது, கையால்தான் வரையணும்.

கையெழுத்து வராதவர்கள் 'கவிவாணர்', 'பாலூ தம்பி', 'பவனம்' போன்ற திறந்த உரிம எழுத்துருக்களை எடுத்துக்கொள்ளலாம். இவற்றை வணிகரீதியாகவும் பயன்படுத்த அனுமதி உண்டு.

வரைந்து விற்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1957-ன் பதிப்புரிமைச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. ஒரு திரைப்படத்துக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. உதாரணமாக, 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை'க்கு 2042 முடியும் வரை பதிப்புரிமை இருக்கிறது.

போஸ்டர் ஓவியத்துக்குக் கணக்கு வேறு. அது கலைப்படைப்பு என்பதால், பொதுவாக ஓவியரின் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. அதாவது, படம் பழசு என்பதற்காக அதன் பழைய போஸ்டரை அப்படியே எடுத்துவிட முடியாது.

நடிகரின் முகத்தை வைத்துச் சம்பாதிப்பதும் சிக்கல்தான். தன் பெயரையும் பாணியையும் அனுமதி இல்லாமல் பயன்படுத்துவதாக ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில், 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது.

வரைந்து உங்கள் பக்கத்தில் ரசிகராகப் பகிர்வது பரவலாக நடக்கிறது. ஆனால் அச்சடித்து விற்பது, டி-ஷர்ட்டில் போடுவது என்று பணம் வரும் இடத்துக்குப் போனால், உரிமையாளரின் அனுமதி வாங்குவதே பாதுகாப்பு. படத்தின் ஸ்டில்லை அப்படியே வெட்டி ஒட்டாமல், எல்லாவற்றையும் நீங்களே வரைந்தால் பிரச்சினை குறையும். ஆனால் முழுசாகப் போய்விடாது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நீங்கள் சொந்தமாக வரைந்த ஓவியத்தை வேறொருவர் உங்கள் பெயரை வெட்டிவிட்டுப் பகிர்ந்தால்? அதனால் பெயரை ஓரத்தில் போடாமல் ஓவியத்துக்குள்ளேயே, வெட்ட முடியாத இடத்தில் எழுதுங்கள். வரைந்த படிகளையும் அசல் கோப்பையும் வைத்திருங்கள். உங்களுடையது என்று காட்ட அதுதான் ஆதாரம்.

ஏஐ வந்த பிறகு இதற்கு மதிப்பு உண்டா?

2025 மார்ச்சில் உலகமே தன் குடும்பப் போட்டோக்களை 'ஜிப்லி' பாணி ஓவியமாக மாற்றிப் பகிர்ந்தது ஞாபகம் இருக்கலாம். தமிழ்ப் படக் காட்சிகளும் தப்பவில்லை. ஒரு வரி எழுதினால் போதும், 'நாஸ்டால்ஜிக்' போஸ்டர் நொடியில் வந்துவிடுகிறது.

ஆனால் 'நீலகிரி, குழந்தைப் பருவம், ஏக்கம்' என்று மட்டும் கேட்டால், நீங்கள் எதிர்பார்ப்பது போலவே அது பச்சைத் தோட்டத்தையும் பனிமூட்டத்தையும் பொம்மை ரயிலையும்தான் கொடுக்கும். எல்லோரும் ஏற்கெனவே போட்டோ எடுத்ததைத்தான் அதற்குத் தெரியும். மழை விடுமுறைக்காக டிவி முன்னால் உட்கார்ந்த காலை, வாசலில் அணையாத டார்ச் லைட், விடியும் முன் கிளம்பிய அம்மாவின் கூடை... இதையெல்லாம் யாராவது ஞாபகம் வைத்திருந்து சொன்னால்தான் உண்டு.

பேனர் வரைந்த கைகளைப் பிளெக்ஸ் ஓரம்கட்டியது போல, வரையும் கைகளை ஏஐ ஓரம்கட்டலாம். ஞாபகத்தை எடுத்துக்கொள்ள அதனால் முடியாது. எதை வரைய வேண்டும் என்று தெரிந்தவருக்கு இன்னும் வேலை இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால்...

* மாற்று போஸ்டர் என்பது படத்தை ஏற்கெனவே பார்த்தவரோடு பேசுவது. விளம்பரம் இல்லை.
* எல்லாவற்றையும் காட்டாமல், ஒரே ஒரு சரியான பொருளைக் காட்டுவதுதான் உத்தி.
* யாருடைய ஞாபகம் என்ற கேள்வியை வரைவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளணும்.
* எழுத்து, நிறம், வெற்றிடம் மூன்றும் சேர்ந்ததுதான் நாஸ்டால்ஜியா. ஃபில்டர் மட்டும் போதாது.
* பகிர்வது வேறு, விற்பது வேறு. விற்பதற்கு முன் அனுமதி முக்கியம்.

இன்றைக்கு இரவு உங்களுக்குப் பிடித்த பழைய படம் ஒன்றை மறுபடியும் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். படம் முடிந்ததும், "இதுல உங்களுக்கு எது ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லப்போவது பெரும்பாலும் ஹீரோவின் வசனமாக இருக்காது. ஒரு சட்டை, ஒரு குடை, ஒரு ரயில் என்று சின்னதாக ஏதோ ஒன்றாக இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் முதல் போஸ்டர் அங்கிருந்தே தொடங்கலாம்.